காரைக்கால் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

காரைக்காலைப் பற்றித் தேடினால் இரண்டு விதமான குறிப்புகள்தான் கிடைக்கின்றன. ஒன்று, சனிப்பெயர்ச்சி. இன்னொன்று, புதுச்சேரியின் மஞ்சள் சுவர்ப் படத்தைப் போட்டுவிட்டு பிரெஞ்சு அழகு என்று காரைக்காலைப் பற்றி எழுதியவை. இரண்டையும் நம்பி வந்தால் பாதி நாள் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் போய்விடும். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவது, எங்கே அனுமதி கேட்பது, எந்தச் சாலையில் வண்டியை நிறுத்தி சோதிப்பார்கள் என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆட்டோக்காரர், பூக்கடைக்காரர், டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுச் சேர்த்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாளோ இரண்டு நாளோ ஒதுக்கி வருகிறவர்களுக்கு இது போதும்.

கிளம்புமுன் ஒரு விஷயம். காரைக்கால் என்பது குட்டிப் புதுச்சேரி அல்ல. இரண்டும் ஒரே யூனியன் பிரதேசம். இரண்டையும் பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை ஆண்டார்கள். ஆனால் அங்கே இருப்பதுபோல வரிசையாக வண்ணம் பூசி வைத்த தெருக்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பழைய கட்டடங்கள் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. சில நன்றாக இருக்கின்றன, பல இடிந்துகொண்டிருக்கின்றன. காலையில் நடந்து பார்த்தால் கண்ணில் படும். காரில் சுற்றினால் ஒன்றும் தெரியாது. "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று திரும்பியவர்களில் பெரும்பாலோர் காரில் வந்து மத்தியானம் இறங்கியவர்கள்.

1. முதலில் கிழமையைத் தீர்மானியுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். சனிக்கிழமை வேண்டாம். திருநள்ளாறு இங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே கூட்டம் சேர ஆரம்பித்துவிடும், அறை வாடகை ஏறும், ஆட்டோ கிடைக்காது, சாப்பாட்டுக் கடைகளில் நின்றுகொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியை ஒட்டிய வாரங்களில் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தோடு வரவே வராதீர்கள்.

என் கணக்கில் நல்ல நாட்கள் செவ்வாய், புதன், வியாழன். தரங்கம்பாடியையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் வெள்ளிக்கிழமையையும் தள்ளிவிடுங்கள். அங்கே கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிதான் விடுமுறை.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. இது தமிழ்நாடு அல்ல, அதனால் அரசு விடுமுறை நாட்களும் கொஞ்சம் மாறும். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். ஆகஸ்ட் 16 என்பது, 1954-இல் நடைமுறையில் கைமாறிய ஆட்சியை 1962-இல் சட்டப்படியும் பிரான்ஸ் ஒப்படைத்த நாள். இந்த இரண்டு நாளும் மயிலாடுதுறையில் அலுவலகம் வழக்கம்போல இயங்கும், காரைக்காலில் மூடியிருக்கும். அனுமதி கேட்கவோ யாரையாவது பார்க்கவோ வேண்டியிருந்தால் இந்தத் தேதிகளில் வந்து நிற்காதீர்கள்.

பருவம் என்று பார்த்தால் ஜனவரியும் பிப்ரவரியும் சுகம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மே மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் நடக்க முடியாது. மீன் சாப்பிடவும் சேர்த்து வருகிறீர்கள் என்றால் இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் கிடைக்கும், ஆனால் வகை குறையும், விலை ஏறும்.

மாங்கனித் திருவிழா வேறு கணக்கு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

2. எப்படி வருவது

மயிலாடுதுறையிலிருந்து இரண்டு சாலைகள். ஒன்று திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையார் வழி. இன்னொன்று பேரளம், திருநள்ளாறு வழி. இரண்டிலும் பேருந்து உண்டு. எது முதலில் வருகிறதோ ஏறிவிடலாம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சுற்றிப் பார்க்கிறவர்கள் போகும்போது ஒரு வழி, திரும்பும்போது மறு வழி என்று வைத்துக்கொண்டால் தரங்கம்பாடிக்குத் தனிச் செலவு இல்லை. கும்பகோணத்திலிருந்து கொல்லுமாங்குடி, அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக வரும். நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் தாண்டி வாஞ்சூர் வழியாக 20 கிலோமீட்டர் அளவுதான்.

ரயிலில் வருவதானால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் வழியாக வரலாம். ஏறுமுன் திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வண்டிகள் கொஞ்சம்தான். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மயிலாடுதுறையில் இறங்கி பேருந்து பிடிப்பது நல்ல மாற்று.

வரைபடத்தை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: "காரைக்கால் துறைமுகம்" என்று தேடினால் அது உங்களைத் தெற்கே வாஞ்சூருக்குக் கொண்டுபோய் விடும். அது சரக்குக் கப்பல் துறைமுகம். உள்ளே விடமாட்டார்கள், பார்க்கவும் ஒன்றுமில்லை. ஊருக்குப் பக்கத்தில், அரசலாற்றோரம் இருப்பது மீன்பிடித் துறைமுகம். ஆட்டோவில் ஏறும்போது எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எங்கே தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்குகிறது என்று குழப்பம் வந்தால் பலகைகளைப் பாருங்கள். "கொம்யூன் பஞ்சாயத்து" என்று எழுதியிருந்தால் நீங்கள் காரைக்கால் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். காவலர் தலையில் சிவப்புத் தொப்பி இருந்தாலும் அப்படித்தான்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

விடுதியில் தங்குவதானால் வரும் பெரியவர்கள் எல்லோருடைய ஆதார் போன்ற அடையாள அட்டையும் வேண்டும், அசல். கைப்பேசிப் படம் போதும் என்று சில இடங்களில் விட்டுவிடுவார்கள், சில இடங்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஒரு விடுதியில் எங்களோடு வந்த பெரியம்மாவின் அசல் அட்டை இல்லை என்று முன்பதிவையே ரத்து செய்தார்கள். முன்பணமும் வரவில்லை. சண்டை போட்டுப் பயனில்லை. அட்டையைப் பையில் போட்டுவிடுங்கள்.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. விடுமுறைக்கு பாரீசிலிருந்து வந்த உறவினரையும் சேர்த்து அழைத்து வருகிறீர்கள் என்றால் அவர்களுடைய பாஸ்போர்ட்டும், அதோடு விசா அல்லது ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையும் அசலாக வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் விடுதிக்காரர் படிவம் சி பதிய வேண்டும். அதைச் செய்யத் தெரியாத சின்ன விடுதிகள் "அறை இல்லை" என்று சொல்லிவிடும். தொலைபேசியில் முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

சொந்த வண்டி என்றால் ஓட்டுநர் உரிமம், ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று. வாடகை வண்டி, அதாவது மஞ்சள் பலகை வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. புதுச்சேரி வேறு பிரதேசம் என்பதால் பர்மிட் விஷயம் வரும். "பர்மிட் யார் பொறுப்பு, வாடகையில் சேர்ந்ததா, தனியா?" என்று வண்டி பேசும்போதே கேட்டு முடித்துவிடுங்கள். எல்லையில் போய் நின்று ஓட்டுநர் "சார், இதுக்குத் தனி" என்று ஆரம்பித்தால் உங்களால் பேரம் பேச முடியாது.

4. மதுப் பாட்டில் பற்றி, வெட்கப்படாமல்

யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள், ஆனால் ஆட்கள் மாட்டுவது இதில்தான். காரைக்காலில் மது விலை குறைவு, கடைகள் அதிகம். அங்கே வாங்கியதைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வடக்கே நண்டலாற்றிலும் தெற்கே வாஞ்சூரிலும் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. பேருந்தையும் நிறுத்துவார்கள், பையைத் திறக்கச் சொல்வார்கள். வண்டியில் பாட்டில் இருந்தால் வண்டியே பறிமுதல் ஆகலாம். நண்பர் யாராவது "ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வா" என்று சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். வாடகை வண்டியில் திரும்பினால், ஓட்டுநர் தன் கணக்குக்கு எதையாவது இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பெட்ரோல் விலையும் இங்கே குறைவு. வண்டியின் டேங்கை நிரப்பிக்கொண்டு போவதில் சிக்கல் இல்லை. கேனில் பிடிக்க முயலாதீர்கள்.

5. காலை நடை

ஆறரை, ஏழு மணிக்குள் பேருந்து நிலையத்தில் இருந்தால் நல்லது. பெரிய பையை அறையில் போட்டுவிட்டு, குடிநீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேற்றரவு அன்னை ஆலயம். ஊரில் யாரைக் கேட்டாலும் மாதா கோயில் என்று வழி சொல்வார்கள். பிரெஞ்சுக் காலத்து உயரமான மணிக்கூண்டு தூரத்திலிருந்தே தெரியும். காலைத் திருப்பலி முடியும் நேரத்தில் போனால் கதவு திறந்திருக்கும், உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். திருப்பலி நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். ஞாயிறு காலையில் பார்வையாளராகப் போவது சரிப்படாது.

அங்கிருந்து மாதா கோயில் வீதி, லெமேர் வீதி என்று உள்தெருக்களில் நடங்கள். குறிப்பிட்ட வீட்டு எண்ணைச் சொல்லி "இதைப் பாருங்கள்" என்று எழுத எனக்கு விருப்பமில்லை; எல்லாம் ஆள் குடியிருக்கும் வீடுகள். ஆனால் எதைப் பார்ப்பது என்று சொல்லலாம். ஆளுயரத்துக்கு மேல் போகும் ஜன்னல்கள், காற்று மட்டும் நுழையும்படி பட்டை பட்டையாக மரம் வைத்த கதவுகள், தெருவை ஒட்டிய உயரமான மதில், அதற்குப் பக்கத்து வீட்டிலேயே நம்மூர்த் திண்ணையும் மரத்தூணும். சில வீடுகளில் கீழ்த்தளம் திண்ணையும் முற்றமும் வைத்த தமிழ் வீடு, மாடி மட்டும் பிரெஞ்சு பாணி. மரைக்காயர் வீடுகளில் வாசல் வேலைப்பாடு தனி ரகம். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் சின்னச் சின்னச் செங்கல் தெரியும். எனக்கு இந்த இடிந்த வீடுகள்தான் காரைக்காலில் முதலிடம். வண்ணம் பூசியவற்றைவிட இவற்றில்தான் எப்படிக் கட்டினார்கள் என்று புரிகிறது. அடுத்த முறை போகும்போது அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நிற்கலாம்.

வாசலில் யாராவது இருந்தால் வணக்கமோ சலாமோ சொல்லிவிட்டு, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். முகத்தைத் தவிர மற்றதை எடுக்க அநேகமாகச் சம்மதிப்பார்கள். கேட்காமல் எடுத்தால் திட்டு நிச்சயம், நியாயமும்கூட.

அடுத்து ஆட்சியர் அலுவலகம். பிரெஞ்சுக் காலக் கட்டடம், இன்னமும் அரசு அலுவலகம். சாலையிலிருந்து பார்க்கத் தடையில்லை. வளாகத்துக்குள் போய்ப் படம் எடுக்க வேண்டுமானால் வாசல் காவலரிடம் சொல்லி, உள்ளே யாரைக் கேட்பது என்று விசாரித்துப் போங்கள். பத்து மணிக்கு மேல், வேலை நாளில்தான் இது நடக்கும். டிரோன் எல்லாம் எடுத்து வராதீர்கள்; கடலோரம், அரசு அலுவலகம், துறைமுகம் என்று மூன்று பக்கமும் வம்பு.

பிரான்சுக்காகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னமும் ஊரில் உண்டு. ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாளில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துவார்கள். அந்த நாளில் ஊரில் இருக்க முடிந்தால் எட்ட நின்று பாருங்கள்.

அப்புறம் பாரதியார் சாலை. காரைக்கால் அம்மையார் கோயில், கைலாசநாதர் கோயில், நித்யகல்யாணப் பெருமாள் கோயில் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. டெல்டாக் கோயில் வழக்கம்தான்: மத்தியானம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். அதனால் ஒன்பது மணிக்குத் தெருக்களை முடித்துக்கொண்டு பதினொன்றுக்குள் இங்கே வந்துவிடுங்கள். மாதா கோயிலை மத்தியானத்துக்கும் அம்மையார் கோயிலை அதற்குப் பிறகுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டுமே பூட்டியிருக்கும்.

மஸ்தான் சாகிப் தர்கா கடைசி. தலையை மூடக் கைக்குட்டையோ துப்பட்டாவோ கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை விட்டுவிடுங்கள்.

இவை எதற்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. சீட்டு என்று யாராவது கேட்டால் தராதீர்கள். உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம்.

6. மத்தியானமும் கடற்கரையும்

பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை சாப்பிட்டுவிட்டு அறையில் படுங்கள். வேறு வழியில்லை. சைவம் என்றால் பேருந்து நிலையத்தைச் சுற்றி நிறைய உண்டு. மற்றவர்கள் பிரியாணிக் கடை தேடிப் போகலாம். மாலையில் டீக்கடைகளில் வாடா கிடைத்தால் விடாதீர்கள்; அரிசிமாவில் தட்டி, மேலே இறால் வைத்துப் பொரித்தது. நாகூர்ப் பெயரில் பிரபலம், இங்கேயும் உண்டு. ரவையில் செய்யும் தம்ரூட்டை வீட்டுக்கு வாங்கிப் போகலாம்.

கடற்கரைக்கு அரசலாற்றை ஒட்டிய சாலையில் போக வேண்டும். மாலையில் ஊரே அங்கே இருக்கும், காற்று நன்றாக இருக்கும். படம் எடுக்க வேண்டுமென்றால் விடியற்காலையில் போங்கள். கிழக்குக் கடல், சூரியன் உதிப்பதுதான் இங்கே காட்சி. கடலில் இறங்காதீர்கள். ஆறு கலக்கும் இடத்தில் இழுவை அதிகம், நீச்சல் தெரிந்தவரையும் இழுக்கும்.

7. மாங்கனித் திருவிழாவுக்கு என்றே வருவதானால்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும், ஜூன் கடைசியோ ஜூலையோ வரும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசலிலிருந்தும் மக்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே இருப்பவர்கள் பிடிப்பார்கள். பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அன்று பழைய கட்டடம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பாரதியார் சாலையில் வண்டிப் போக்குவரத்து மாற்றிவிடப்படும். அறை வேண்டுமென்றால் தேதி தெரிந்தவுடன் போட்டுவிட வேண்டும். குழந்தைகளை வீதியுலாக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். மேலிருந்து வரும் பழம் பழுத்ததாகத்தான் இருக்கும் என்று உத்தரவாதமில்லை. கண்ணாடி போட்டவர்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

8. திருநள்ளாறு, தரங்கம்பாடி

திருநள்ளாற்றை வார நாளில் மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொண்டால் அமைதியாகத் தரிசனம் செய்யலாம். சீட்டு, அர்ச்சனை எல்லாம் கோயில் கவுண்ட்டரில் மட்டும். "பரிகாரம் மொத்தமா இவ்வளவு, வீட்டுக்கே பிரசாதம் வரும்" என்று இணையத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் பேசுகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். நள தீர்த்தத்தில் பழைய துணியைக் குளத்துக்குள் விடுவதும் வேண்டாம்.

தரங்கம்பாடி வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அது டேனிஷ்காரர்களுடைய ஊர், பிரெஞ்சு அல்ல. ஆனால் இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு விடக்கூடாது. 1620-இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, 1718-இன் புதிய எருசலேம் ஆலயம், கடல் அரித்த மாசிலாமணி நாதர் கோயில் எல்லாம் ஒரே தெருவின் நீளத்துக்குள் வந்துவிடும். காரைக்காலுக்கு நேர் எதிர்: அங்கே எல்லாம் கச்சிதமாகப் பராமரிக்கப்பட்டு, பெயர்ப்பலகையோடு நிற்கும். இரண்டரை மணி நேரம் போதும். பேருந்து முக்கியச் சாலையில் இறக்கிவிடும், அங்கிருந்து நடக்க வேண்டும், அல்லது ஆட்டோ. கோட்டை அருங்காட்சியகத்துக்குச் சின்னக் கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியையும் இதே பயணத்தில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். 130 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தனிப் பயணமாகப் போடுங்கள்.

9. எவ்வளவு பணம் எடுத்து வருவது

ஒரு நாள் மட்டும், இருவர், பேருந்தில் என்றால் இருவருக்கும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்கினால் சாப்பாடு, ஆட்டோ, பேருந்து எல்லாம் அடங்கும், மிச்சமும் இருக்கும். தங்குவதானால் ஏசி அறைக்கு இன்னொரு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் ஒதுக்குங்கள், வார நாளுக்கு. வெள்ளி, சனிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஆட்டோவில் மீட்டரை எதிர்பார்க்காதீர்கள். ஏறுமுன் தொகை பேசுங்கள், திருநள்ளாறு போவதானால் காத்திருப்பும் சேர்த்தா என்று கேளுங்கள். கைப்பேசியில் பணம் செலுத்துவது எல்லா இடத்திலும் நடக்கும், ஆனால் ஆட்டோவுக்கும் வாடாவுக்கும் ரொக்கம் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

பேருந்தில் வந்தவர்கள் காலையில் இறங்கியவுடனேயே நேரக் காப்பாளர் அறையில் உங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கும்பகோணம் போகிறவர்கள், கடைசிக்கு முந்தைய பேருந்து எது என்றும் கேளுங்கள். அதைப் பிடிக்கிற மாதிரி கடற்கரையிலிருந்து கிளம்புங்கள். அதுவும் தவறினால் மயிலாடுதுறைக்கு ஏறி அங்கே மாறிக்கொள்ளலாம்.